பதினான்கு நாள் கணக்கு

1812இல் பிரான்சின் கூப்வ்ரே ஊரில், குதிரைச் சேணம் செய்யும் அப்பாவின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பையன் ஒருவன் தோல் துளைக்கும் ஊசியால் கண்ணைக் குத்திக்கொண்டான். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. பின்னாளில் பார்வையற்றோருக்கான எழுத்துமுறையை உருவாக்கிய லூயி பிரெயில்தான் அவன். அடிபட்ட கண்ணைத் தொடர்ந்து நல்ல கண்ணும் அழலும் ‘பரிவுக் கண்ணழற்சி’யாக அது இருந்திருக்கலாம் என்பது கண் மருத்துவர்கள் பலரின் கணிப்பு.

பெயரில்தான் பரிவு, நோயில் துளியும் கிடையாது. கண்ணுக்குள் மறைந்திருக்கும் திசுக்களோடு உடலின் எதிர்ப்பாற்றலுக்கு வழக்கமாகப் பழக்கமில்லை. காயத்தாலோ அறுவையாலோ அவை வெளிப்பட்டால், அந்நியப் பொருள் என்று தாக்கத் தொடங்குகிறது. அதே திசு மறு கண்ணிலும் இருக்கிறதே!

இதற்கு மருத்துவம் வகுத்துக்கொண்ட பழைய விதி: பார்வை மீளாதென்று தெரிந்தால், அடிபட்ட 14 நாளுக்குள் அந்தக் கண்ணை எடுத்துவிடு. குரூரமாகத் தோன்றினாலும், ஸ்டீராய்டு வராத காலத்தில் வேறு பிடிமானம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் நோய் தலைகாட்டுவது அபூர்வம் என்பதால் கணக்கிலும் நியாயம் இருந்தது.

ஆனால் கண்ணில் துளைக்காயம் பட்ட ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்குத்தான் இது வரும் என்பது பாடநூல் கணக்கு. அந்தச் சிலருக்காக எத்தனை கண்களைத் தோண்டுவது? நோய் தொடங்கிய பிறகு எடுப்பதோ இன்னும் சிக்கல்: சிலருக்குக் கடைசியில் அடிபட்ட கண்ணே கூடுதலாகப் பார்க்கும். 2000இல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து ஆய்வு, இப்போது முதன்மையான அபாயம் அறுவைதான், குறிப்பாக விழித்திரை அறுவை என்றது. பார்வைக்காக அறுவை செய்த கண்ணை எந்த மருத்துவர் பிடுங்குவார்? அங்கே இந்த விதிக்கு வேலையே இல்லை.

ஆகவே இன்று முதலில் தையல். அழற்சி வந்தால் ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும். இது சரியான மாற்றம் என்பதே என் முடிவு. ஆனாலும் பழைய விதியிடம் இருந்த ஒன்று புதிய முறையில் இல்லை: கெடு. 14 நாளுக்குள் யாராவது உட்கார்ந்து முடிவெடுத்தே ஆகவேண்டியிருந்தது. இப்போது தையல் போட்டவர் வீட்டுக்குப் போகிறார். புண் ஆறியதும் பலர் மறுபரிசோதனைக்கு வருவதில்லை. நோயோ பத்தில் ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் வந்தாலும், மிச்சமுள்ளவர்களில் சிலருக்குப் பல பத்தாண்டு கழித்தும் வருகிறது. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பருக்குச் சிறுவயதில் அண்ணன் விட்ட அம்பால் ஒரு கண் போனது. மற்றது நடுவயதில் மங்கியது. அதற்கும் இந்நோயையே காரணமாகச் சொல்வார்கள்.

எப்போதோ ஒரு கண்ணில் பலத்த காயம் பட்டவரா நீங்கள்? நல்ல கண்ணில் வெளிச்சம் கூசினாலோ, செய்தித்தாள் எழுத்து திடீரென மங்கினாலோ, கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போய், பழைய காயத்தை முதலில் சொல்லுங்கள்.