கோபுரமும் பேரேடும்
(தண்டின் ஸ்காட்லாந்துச் சபை வரலாறு எழுதப்படும் முறை பற்றி)

நம்ம மர்பி டவுனுக்கு முந்தைய பெயர் நாக்ஸ்பேட்டை. பெயரைக் கேட்டதும் பிரெஸ்பிட்டேரியன் சபையை ஸ்காட்லாந்தில் நிலைநாட்டிய ஜான் நாக்ஸை இதோடு முடிச்சுப்போடத் தோன்றும். அந்த நாக்ஸ் 1572-லேயே காலமானவர். பெங்களூரில் தண்டு, அதாவது கண்டோன்மெண்ட், ஏற்பட்டதோ 1809-ல். பெயர் ஒன்றாக இருக்குதுன்னு உறவு கொண்டாடக் கூடாது. ஆனால் அந்தச் சபைமுறைக்கும் தண்டுத் தமிழருக்கும் வேறு வழியில் ஒரு உறவு உண்டு. அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. பத்து வருஷம் கழித்துக் கும்பெனிப் படை அங்கிருந்து அல்சூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. சுற்றிலும் மைசூர் ராஜாவின் சீமை. நடுவில் வெள்ளைக்காரரின் படையூர். ஆக, தண்டு ஓர் எல்லைப்புறப் பட்டணம். படைக்குப் பின்னாலேயே வடஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழர்கள் வந்தார்கள்: சிப்பாய், கொத்தனார், சமையல்காரர், தோட்டக்காரர், வியாபாரி. அந்த ஊரில்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் கப்பன் ரோட்டில் புனித ஆந்திரேயா ஆலயத்துக்கு 1864-ல் அஸ்திவாரம் போட்டு, 1866-ல் திறந்தார்கள்.

இந்த ஆலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்ன எழுதுகிறார்கள்? கோபுரம், கடிகாரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல், 1881-ல் வந்த குழாய் ஆர்கன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆர்கனுக்குள்ளேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. ஸ்காட்லாந்துச் சபையில் வாத்தியம் இல்லாமல் சங்கீதம் பாடுவதே நெடுநாள் வழக்கம். 1865-ல் எடின்பரோ கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் ஆர்கன் வைத்ததே பெரிய சர்ச்சையாக இருந்தது. அதற்குப் பதினாறே வருஷத்தில் பெங்களூருக்கு ஆர்கன் வந்துவிட்டது. அப்படியானால் சபையின் மனம் எப்படி மாறியது என்றல்லவா கேட்க வேண்டும்? நம்மவர்கள் ஆர்கனின் அழகைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

பிரெஸ்பிட்டேரியன் என்ற சொல்லுக்கே மூப்பர் ஆட்சி என்பதுதான் பொருள். அங்கே பிஷப் கிடையாது. போதகரும் மூப்பர்களும் கூடிச் சபையை நடத்துவார்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரைக் கண்டித்தார்கள், ஏழைகள் நிதியிலிருந்து யாருக்கு உதவினார்கள் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டில் ஏறும். ஒரு கடையை முகப்பை வைத்தா எடை போடுவது? சிட்டையையும் பேரேட்டையும் பிரித்துப் பார்த்தால்தானே வியாபாரம் தெரியும்! இந்தச் சபைக்கும் அதே கணக்குதான். கோபுரம் முகப்பு, குறிப்பேடே பேரேடு.

அந்த வரலாற்றில் தமிழன் ஏன் தென்படவில்லை? இதற்குச் சென்னைக்குப் போய்வர வேண்டும். 1813 சாசனத்துக்குப் பிறகு கும்பெனி ஸ்காட்லாந்துச் சபைப் போதகர்களையும் நியமித்தது. எழும்பூர் ஆலயம் 1818-ல் தொடங்கி 1821-ல் முடிந்தது. கட்டியவர் டி ஹாவிலண்ட் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஈர மண்ணில் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அஸ்திவாரம் எழுப்பினார்கள் என்றும் எழுதுகிறார்கள். கிணறு இறக்கிய கைகளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. 1843-ல் ஸ்காட்லாந்தில் சபை இரண்டாகப் பிளந்தபோது, சென்னையில் பள்ளி நடத்திய ஜான் ஆண்டர்சன் முதலான மிஷனரிகள் சுதந்திர சபையோடு போய்விட்டார்கள். கட்டடம் ஒரு பக்கம், தமிழரிடையே நடந்த பணி மறுபக்கம் என்றாகிவிட்டது. கட்டடத்தின் கதையை மட்டும் எழுதினால் தமிழன் காணாமல்தான் போவான்.

பெங்களூரிலோ கப்பன் ரோட்டு ஆலயத்துக்குச் சுமார் நாற்பது வருஷம் முன்பே, லண்டன் மிஷனின் இந்தியப் போதகர் சாமுவேல் ஃபிளாவெல் தமிழில் பிரசங்கம் செய்தார். 1847-ல் பெல்லாரியில் மறைந்தார். அவர் சபை பிரெஸ்பிட்டேரியன் அல்ல. ஆனாலும் அங்கும் பிஷப் இல்லை. வடஆற்காட்டில் 1853-ல் ஏற்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷன் மூப்பர் முறையைச் சேர்ந்தது. இந்த ஓடைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையாகவும், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையாகவும் கலந்தன. கப்பன் ரோட்டு ஆலயமும் இன்று அதே திருச்சபையில்தான் இருக்கிறது. ஆக, ராணிப்பேட்டைப் பக்கத்து மிஷன் சபையிலிருந்து தண்டுக்குப் பிழைக்க வந்தவனுக்கு மூப்பர் ஆட்சி புதிதல்ல. மூட்டையோடு கொண்டுவந்த ஊர் வழக்கம் அது. நாக்ஸ் பெயர் தராத உறவு இதுதான்.

எழுத்துச் சான்று என்றால் என்ன என்பதற்கு இரண்டு அளவுகோல் சொல்கிறேன். மதுரையருகே அழகர்மலையில் சமண முனிவர் இருந்த குகைத்தளத்தில், ஈராயிரம் ஆண்டுக்கு முன் உப்பு விற்றவன், துணி விற்றவன், கொழு விற்றவன் பெயரெல்லாம் தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. கொடை பெரிதோ சிறிதோ, கொடுத்தவனின் தொழில்கூட விட்டுப்போகவில்லை. இன்னொன்று, இதே பெங்களூரில் 1837-ல் பிறந்த லூயிஸ் ரைஸ். லண்டன் மிஷன் போதகர் பெஞ்சமின் ரைஸின் மகன். சிரவணபெளகொளக் கல்வெட்டுகளை 1889-ல் அச்சேற்றினார். இவர் மேற்பார்வையில் 8,000-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் தொகுக்கப்பட்டன; தோம்லூர்க் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றில் சேரும். கிறித்தவப் போதகரின் மகன் சமணக் கல்லை அத்தனை அக்கறையாகப் படித்தார். அந்தக் கடனைத் திருப்பித் தர நமக்கு ஒரு வழி இருக்கிறது.

கட்டடத்தைப் பற்றி எழுதியவர்களைக் குறை சொல்லி முடிப்பது நியாயமில்லை. ஆண்டுகளைச் சரியாகத் தொகுத்து வைத்தவர்கள் அவர்களே. ஆனால் கல் நிற்கும், காகிதம் நிற்காது. ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் கரையான் வாய்க்குப் போனால், மர்பி டவுன் சந்துகளில் இருக்கிற குடும்பங்களுக்குத் தங்கள் பூட்டன் எந்த ஊர், என்ன தொழில் என்று சொல்ல வேறு சாட்சி ஏது? தமிழ் படித்த இளைஞர்கள் நாலு பேர், சபையாரின் அனுமதியோடு, ஆளுக்கொரு பதிவேட்டைப் பிரதி எடுக்கட்டும். கோபுரத்தை அப்புறம் பாடிக்கொள்ளலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது.