பன்மொழி நகரும் வரலாற்றுப் பொழிவும்

நகரம் என்பது மாடங்களும் மதில்களும் மட்டுமன்று. பல புலங்களினின்றும் வந்து கூடிய மக்கள் கொண்டும் கொடுத்தும், இணங்கியும் பிணங்கியும் வாழும் வாழ்க்கையே நகரமாகும். இவ்வுண்மையைத் தமிழிலக்கியம் தொன்றுதொட்டே உணர்ந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, தாய்நிலம் விட்டு வந்த பன்மொழியாளர் அங்கே வேற்றுமையின்றிக் கூடியிருந்தமையை அந்நகர்க்கு ஓர் அணியாகக் காட்டுகின்றது. சிலப்பதிகாரமோ, மருவூர்ப்பாக்கத்தில் யவனர் வாழிடங்களைக் காட்டிய அளவில் நின்றுவிடவில்லை. அப்பம் விற்பாரும் உப்பு விற்பாரும், மீன் விற்கும் பரதவரும், தச்சரும் கொல்லரும் அவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். அயலாரையும் உழைப்பாரையும் ஒருங்கு வைத்து நகரைக் காணும் இம்முறையே ஈண்டு நமக்கு உரைகல்லாக அமைவது.

இக்காலத்தில் நகரைப் புனைந்துரைக்கும் பணியைப் பொதுமேடைப் பொழிவுகள் மேற்கொண்டுள்ளன. சென்னையில் 2004ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டுத் திங்களில் சென்னை நாள் கொண்டாடப்பட்டு வருகின்றது. அதனையொட்டி நிகழும் பொழிவுகளில் ஆர்மீனியர், போர்த்துகீசியர், தெலுங்கர், குசராத்தியர், ஆங்கிலோ-இந்தியர் முதலிய பல சமூகங்களின் வரலாறும் எடுத்துரைக்கப்படுகின்றது. பொழிவும் ஓர் இலக்கிய வகையே. ஆகவே அதுவும் திறனாய்வுக்கு உரியது. அவ்வகையின் நிறையையும் குறையையும் ஆராய்வதே நம் நோக்கமாகும். தனி ஒருவரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று.

பொழிவுகளின் பயன்

முதற்கண் நிறையைக் கூறுதல் முறை. நெடுங்காலமாகச் சென்னை வரலாறு ஆவணக் காப்பகத்திலும் அரிய நூல்களிலும் அடங்கிக் கிடந்தது. 1913ஆம் ஆண்டில் வெளிவந்த லவ் என்பாரின் பெருந்தொகுதிகளும், நகரின் முந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டி 1939ஆம் ஆண்டில் வெளிவந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் நூலும் அறிஞர் கைகளிலேயே பெரிதும் தங்கின. 1981ஆம் ஆண்டில் எஸ். முத்தையா வெளியிட்ட நூலும், அவர் பின்னர் இதழ்வழி ஆற்றிய பணியும் இவ்வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன. பொழிவுகள் அப்பணியின் தொடர்ச்சி எனலாம். தெருவில் வாழ்வோர் தம் தெருவின் பெயர்க்குக் காரணம் வினவத் தொடங்கினர். இடிபடும் நிலையிலிருந்த கட்டடங்களின் அருமையைப் பலர் உணர்ந்தனர். இப்பயனை எவரும் மறுத்தல் இயலாது.

மூன்று குற்றங்கள்

நூற்குக் கூறப்பட்ட குற்றங்கள் பத்தனுள், குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்னும் மூன்றும் நகர்வரலாற்றுப் பொழிவுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. நன்னூலார் நூலுக்கு வகுத்த இலக்கணத்தைப் பொழிவுக்குப் பொருத்துதல் தகுமோ எனின், தகும். கேட்போர் உள்ளத்தில் பொழிவே நூலாக நின்றுவிடுதலின் என்க.

குன்றக் கூறலை முதற்கண் நோக்குவோம். பல சமூகங்களைப் பற்றிப் பேசும் பொழிவுகள் பெரும்பாலும் ஆங்கில மூலங்களையே சான்றாகக் கொள்கின்றன. ஆயின் இந்நகர் தன்னைப் பற்றிப் பல மொழிகளில் எழுதி வைத்துள்ளது. ஏனுகுல வீராசாமி 1830ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டுக் காசிக்குச் சென்று மீண்ட வரலாறு தெலுங்கில் உள்ளது. அவர் இந்நகரின் அக்கால உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். வே. இராகவன் பதிப்பித்த சர்வதேவவிலாசம் என்னும் வடமொழி நூல், அக்காலச் சென்னைச் செல்வர்களையும் அவர்கள் புரந்த கலைஞர்களையும் காட்டுகின்றது. உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய அஸ்தரார் 1794ஆம் ஆண்டில் தோன்றியதும் இந்நகரிலேயே. பன்மொழி நகரின் வரலாற்றை ஒருமொழிச் சான்று கொண்டு உரைத்தல், பல சாட்சிகள் காத்திருக்க ஒருவரை மட்டும் அழைத்து வழக்கை முடிப்பதனோடு ஒக்கும்.

சான்றுகள் குன்றுதலோடு மக்களும் குன்றுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குக் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தவர் இக்கடற்கரை மக்களே. ஆங்கிலேயராயினும் ஆர்மீனியராயினும் இந்நகர்க் கடற்கரையில் முதன்முதல் நம்பியது இப்படகோட்டிகளின் கைத்திறனையே. ஆயினும் சமூகங்களை ஒவ்வொன்றாக அடுக்கும் பொழிவுகளில் இவர்க்கு ஒரு நாளேனும் ஒதுக்கப்படுதல் அரிது. யவனரைக் காட்டிய இளங்கோவடிகள் மீன் விற்கும் பரதவரை மறந்திலர் என்பது நோக்கத்தக்கது.

இனி, மிகைபடக் கூறல். எல்லாச் சமூகத்தாரும் எக்காலத்தும் பகையின்றி வாழ்ந்தனர் என்று கூறுதல் செவிக்கு இனியது, ஆயின் உண்மையாகாது. 1652ஆம் ஆண்டிலேயே வலங்கை, இடங்கை என்னும் இரு பிரிவினர்க்குமிடையே பூசல் மூண்டது. தாமஸ் பிட் ஆளுநராக இருந்த 1707ஆம் ஆண்டில் அது மீண்டும் பெரிதாகி, ஒரு சாரார் நகரைவிட்டுச் சாந்தோமுக்குச் செல்லும் அளவுக்கு முற்றியது. பெத்துநாயக்கன்பேட்டையும் முத்தியாலுப்பேட்டையும் இப்பிரிவினையின் சுவட்டைத் தாங்கியவை. வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்ற பாகுபாடோ வெளிப்படையானது. இவற்றை மறைத்தால் இணக்கத்தின் அருமையும் மறைந்துவிடும். பிணங்குதற்கு இத்தனை காரணங்கள் இருந்தும் மக்கள் ஒரே சந்தையில் எவ்வாறு கூடினர் என்பதே ஆராயத்தக்க வினா.

நகரே 1639ஆம் ஆண்டில்தான் பிறந்தது என்பதும் ஒரு மிகையே. அவ்வாண்டில் ஆங்கிலக் கும்பினியார் பெற்றது கோட்டை அமைத்தற்கு உரிய நிலமாகும். திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு உண்டு. இலஸ் என வழங்கும் காட்டுக் கோயில் 1516 என்னும் ஆண்டு பொறித்த கல்லைத் தாங்கி நிற்கின்றது. இவ்வூர்கள் அனைத்தும் இணைந்ததே இன்றைய நகரம் ஆதலின், கோட்டையின் பிறப்பை நகரின் பிறப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மூன்றாவது, மயங்க வைத்தல். மரபும் சான்றும் வேறு வேறு. பரங்கிமலையில் புனித தோமையர் உயிர் நீத்தார் என்பது கிறித்தவர் போற்றும் மரபு. அம்மலைக் கோயிலிலுள்ள சிலுவையைச் சூழப் பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருத்தல் சான்று. முன்னது நம்பிக்கைக்கு உரியது. பின்னது, கும்பினியார் வருகைக்குப் பன்னூற்றாண்டுகட்கு முன்பே பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இங்கு வழிபட்டனர் என்பதற்கு உரியது. இரண்டையும் ஒரே குரலில் உரைப்பின், கேட்போர் இரண்டையும் ஒருசேர நம்புவர். அல்லது இரண்டையும் ஒருசேர ஐயுறுவர். மரபைத் தள்ள வேண்டுவதில்லை. மரபு என்று சொல்லி உரைத்தலே போதும்.

சந்திப்புகளே வரலாறு

இம்மூன்று குற்றங்களுக்கும் வேர் ஒன்றே. சமூகங்களைத் தனித்தனிப் பேழைகளாகக் கருதி, இன்று ஒன்றையும் நாளை மற்றொன்றையும் திறந்து காட்டும் முறையே அது. அம்முறையில் ஒவ்வொரு சமூகத்தின் பெருமையும் புலப்படும், நகரம் புலப்படாது. பேழைகளுக்கு இடையே நிகழ்ந்தனவே நகரின் வரலாறு ஆதலின். இதனை விளக்கச் சில சான்றுகளைக் காண்போம்.

கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 1726ஆம் ஆண்டில் அடையாற்றின் குறுக்கே தம் பொருளால் பாலம் அமைத்தார். மாம்பலம் என்பதன் திரிபாகக் கருதப்படும் மார்மலாங் என்னும் பெயரால் அது வழங்கியது. அதன் நினைவுக் கல்வெட்டு ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. தம் இனத்தார்க்குத் தம் மொழி, ஆள்வோர்க்குப் பாரசீகம், திருச்சபையார்க்கு இலத்தீன் என அவர் கருதினார் போலும். நாள்தோறும் அப்பாலத்தில் நடந்த மக்களின் மொழிக்கு அக்கல்லில் இடமில்லை. அதே இடத்தில் பின்னர் எழுந்த பாலம் இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையார் பெயரும், தமிழில்லாத மும்மொழிக் கல்லும் ஓரிடத்தில் கூடியமையைக் காணுங்கால், ஒரு நகரில் எம்மொழி எப்பொழுது கல்லேறுகின்றது, எவர் பொருட்டு ஏறுகின்றது என்னும் வினா நம்முன் எழுகின்றது. ஆர்மீனியரின் கொடைத்திறத்தைப் புகழ்வதோடு நிற்கும் பொழிவு இவ்வினாவை எழுப்பாது.

திருவல்லிக்கேணியில் வாலாசா நவாபின் குடும்பத்தார் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் 1795ஆம் ஆண்டினது. அவ்வாண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் அதனுள் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டின் ஆண்டு பெறப்படும். அச்செய்யுளை யாத்தவர் நவாபின் பணியிலிருந்த மக்கன் லால் என்னும் இந்துப் புலவர். இச்செய்தியை முசுலிம்கள் வரலாறு என்பதா, இந்துக்கள் வரலாறு என்பதா? இரண்டு பேழையுள்ளும் அடங்காத இதனை நகரின் வரலாறு என்றே கூறுதல் வேண்டும்.

துபாசி என்னும் தொழிலும் இத்தகையதே. இருமொழி வல்லார் என்பது அச்சொல்லின் பொருள். கும்பினியார்க்கு நிலம் பெறும் முயற்சியில் துணைநின்ற பேரி திம்மப்பர் முதல், கொடையால் நிலைபெற்ற பச்சையப்ப முதலியார் வரை இந்நகரில் பொருளும் அதிகாரமும் பெற்றோர் பலர் துபாசிகளே. இரு மொழிகளுக்கு இடையே நிற்றலே ஒரு பதவியாக இருந்த ஊர் இது.

இனி, கல்லினும் ஏட்டினும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. அது சென்னை மக்களின் பேச்சு. சன்னல், சாவி, மேசை, அலமாரி என வீட்டினுள் இருப்பன போர்த்துகீசியச் சொற்கள். கையிலுள்ள துட்டு உலாந்தா மொழிச் சொல். காலையில் உண்ணும் நாஷ்டாவும், மனம் சலித்தபோது கூறும் பேஜாரும் உருதுவின் வழியே வந்தவை. இவற்றுட் சில தமிழகம் முழுதும் பரவின. சில இந்நகர்ப் பேச்சிலேயே மிகுதியாக நின்றன. அச்சொற்களைக் காத்தவர் பெரும்பாலும் துறைமுகத்திலும் சந்தையிலும் உழைத்த எளிய மக்கள். அவர்தம் பேச்சு நெடுங்காலம் நகைப்புக்குரியதாகவே மேடையிலும் திரையிலும் காட்டப்பட்டது. நாமோ அதனைக் கொச்சை என்று ஒதுக்கினோம். பன்மொழிக் கலப்பின் உயிருள்ள ஆவணத்தை நாமே புறக்கணித்தோம் என்பதனை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இருவகை இடர்

1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்தபொழுது, சென்னை எவர்க்கு உரியது என்னும் வழக்கு எழுந்தது. தலைநகரைத் தமிழகத்தோடு நிறுத்த ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். அப்பொழுது வரலாறு உரிமைப் பத்திரமாயிற்று. இருசாராரும் தத்தமக்கு வேண்டிய சான்றுகளையே தேடினர். அவ்வழக்கு தீர்ந்து பல்லாண்டுகள் கழிந்தன. தமிழ்நாட்டின் தலைநகர் சென்னை என்பதில் இன்று ஐயமில்லை. ஆதலின் வீராசாமியின் தெலுங்கு நூலைத் தமிழர் அஞ்சாது கற்கலாம். நகரின் தமிழ் அடிப்படையை ஏனையோரும் தயங்காது ஒப்பலாம். உரிமைப் பத்திரமாகக் கருதுதல் ஒரு வகை இடர் எனின், பல இனங்களின் காட்சிச்சாலையாக மட்டும் கருதுதல் மற்றொரு வகை இடர். முன்னது பிறரை வெளியேற்றும். பின்னது உழைப்பாரை மறக்கும்.

பொதுமக்கட்குரிய பொழிவில் இத்துணை நுணுக்கம் வேண்டுமோ, சுவை குன்றாதோ எனச் சிலர் வினவக்கூடும். பாலத்தின் மும்மொழிக் கல்லும், பள்ளிவாசலின் பாரசீகச் செய்யுளும், துட்டு என்னும் சொல்லின் வரலாறும் சுவையற்றன அல்ல. வெறும் புகழுரையே விரைவில் சலிப்புத் தருவது.

முடிவுரை

பொழிவாளரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. அவர்க்கு வேண்டிய தமிழ்ச் சான்றுகளைத் தொகுத்து அளிக்காதது தமிழ்த்துறைகளின் குறையே. வள்ளலார் இளமையில் வாழ்ந்த ஏழுகிணற்றுப் பகுதியும், அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டில் இதழ் தொடங்கிய இராயப்பேட்டையும் தமிழில் எழுதப்பட்ட சென்னையின் பகுதிகள். பாடல்கள், இதழ்கள், குசிலி நூல்கள், பேச்சு வழக்குகள் ஆகியவற்றினின்று நகர்ச்செய்திகளைத் திரட்டுதல் ஆய்வு மாணவர்க்கு உரிய பணி. தெலுங்கு, உருது, பாரசீகம், ஆர்மீனியம் கற்றோருடன் கூடி அப்பணியைச் செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின், மேடையில் நகர்வரலாறு கேட்கும் படகோட்டி மரபினர் ஒருவர், தம் முன்னோரையும் அவ்வரலாற்றினுள் காண்பார். மருவூர்ப்பாக்கத்தை இளங்கோவடிகள் காட்டிய முறை அதுவே.