கழித்துவிட்ட எடை

ரே ஜார்டின் எழுதிய ‘பியாண்ட் பேக்பேக்கிங்’ புத்தகத்தை இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை படித்தபோது பக்தன். இப்போது கொஞ்சம் சண்டை போடத் தோன்றுகிறது. அந்தச் சண்டைதான் இந்தக் குறிப்பு.

ஜார்டின் அமெரிக்கர். விண்வெளித் துறையில் வேலை பார்த்த பொறியாளர், பாறையேறி. பாறை இடுக்கில் செருகினால் விரிந்து பிடித்துக்கொள்ளும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற கருவியை 1970களில் உருவாக்கியவர். பிறகு மனைவி ஜென்னியோடு மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதையை (4,200 கிலோமீட்டருக்கு மேல்) ஒருமுறைக்கு மேல் நடந்தார். 1992இல் அந்தப் பாதைக்கு ஒரு கையேடு எழுதினார். அதன் வளர்ந்த வடிவம்தான் இந்தப் புத்தகம்.

அவர் சொன்னது எளிமையானது. கூடாரத்துக்குப் பதில் மெல்லிய நைலான் விரிப்பு. கனமான பூட்ஸுக்குப் பதில் ரன்னிங் ஷூ. ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் போர்வை. வெயிலுக்கும் மழைக்கும் குடை. பையை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள்.

போர்வைக்கு அவர் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. நம்மைக் கதகதப்பாக வைப்பது துணி இல்லை, துணிக்குள் சிக்கியிருக்கும் காற்று. முதுகுக்கு அடியில் இருக்கும் பகுதி நம் எடையில் நசுங்கி, காற்றெல்லாம் வெளியேறிவிடும். வேலையே செய்யாத அந்தப் பாதியை ஏன் சுமக்க வேண்டும்? பயன்படாத கோடை நீக்கிவிட்டு புரோகிராமை ஓடவிடுவது மாதிரியான சிந்தனை. நம்மூர் ஆட்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. பாயும் போர்வையும் என்று நாம் எப்போதோ பிரித்துவிட்டோம். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டு, கேன்வாஸ் ஷூவில் அப்பலேச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்தார். மழைக்கு அவர் வைத்திருந்தது குளியலறைத் திரை.

இதுவரை எனக்குச் சண்டை இல்லை. சேலையூரில் ஒரு டெய்லரிடம் பாராசூட் துணி கொடுத்து நானும் ஒரு பை தைத்துக்கொண்டேன். குடையையும் எடுத்துப்போகிறேன். முள்ளுக்காட்டில் அது தொல்லை, திறந்த பாறையில் தெய்வம்.

பிரச்சினை, இந்தச் சிந்தனையை அடுத்து வந்தவர்கள் சூத்திரமாக்கிய இடத்தில். ‘பேஸ் வெயிட்’ என்று ஒரு எண் வைத்தார்கள். பைக்குள் இருப்பதையெல்லாம் கூட்டு, அதில் சாப்பாடு, தண்ணீர், எரிபொருளைக் கழித்துவிடு. மிச்சம் 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் நீ ‘அல்ட்ராலைட்’. தினமும் மாறுவதைக் கழித்தால்தான் இரண்டு பைகளை ஒப்பிட முடியும் என்பது நியாயமான காரணம். ஓடைக்கு ஓடை நிரப்பிக்கொள்ளும் மலைகளில் அது சரிதான். ஜார்டின் பாலைவனமும் நடந்தவர், தண்ணீரின் அருமை தெரிந்தவர். ஆனால் சூத்திரத்துக்கு அது தெரியாது.

பருவதமலைக்கு ஒரு மார்ச் மாதம் அண்ணன் மகனோடு போனேன். என் எக்செல் ஷீட்டில் பேஸ் வெயிட் 2.1 கிலோ. பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் தண்ணீரையும் ஒரு லிட்டரோடு நிறுத்திவிட்டேன், வழியில் கடை இருக்கும் என்ற நம்பிக்கையில். அன்றைக்குக் கடை எதுவும் இல்லை. கடப்பாறைப் படிக்குக் கீழே வரும்போதே பாட்டில் காலி. தலை சுற்றியது, வியர்வை நின்றுவிட்டது. வியர்வை நிற்பது நல்ல அறிகுறி இல்லை என்று தெரியும், ஆனால் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"சித்தப்பா, உக்காருங்க. இந்தாங்க, மெதுவா குடிங்க."

அவன் பையில் மூன்று லிட்டர் இருந்தது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. கிளம்பும்போது அந்தப் பையைப் பார்த்து நான் சிரித்திருந்தேன். அவன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான். உச்சிக்குப் போகவில்லை, இறங்கிவிட்டோம். அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தால்கூட ஆறு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர், மூன்று கிலோ. அதாவது என் சூத்திரம் கழித்துவிட்ட எடை, கணக்கில் எடுத்துக்கொண்ட எடையைவிட அதிகம். லோடு அதிகமாகும் இடத்தை விட்டுவிட்டு டெஸ்ட் எழுதிவிட்டு, எல்லாம் பாஸ் என்று சொல்லும் டீமை நான் ஆபீசில் திட்டுவேன். மலையில் நானே அதைச் செய்தேன்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இந்தக் கணக்கில் ‘நான்’ மட்டும்தான் இருக்கிறேன். அடுத்தவருக்காகச் சுமக்கும் ஒரு லிட்டர் அதில் வீண் எடை.

சபரிமலை இருமுடியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் பயணப் பைதான். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாக நடப்பவர்கள் தலையில் வைத்துக்கொள்வது. முன்முடியில் நெய்த் தேங்காயும் பூஜைப் பொருளும். பின்முடியில் நடப்பவருக்கான சாப்பாட்டுச் சாமான். இங்கே சாப்பாடு கழிக்கப்படவில்லை, பையின் பாதியே அதுதான். மறுபாதி சுமப்பவருக்கே சொந்தமில்லை. பக்தியை விட்டுவிட்டு வடிவமைப்பாக மட்டும் பார்த்தாலும், தனக்கென்று எதைக் குறைப்பது, எதைக் குறைக்கவே கூடாது என்று யோசித்துச் செய்தது தெரிகிறது.

ஜார்டினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. டிசம்பர் கொடைக்கானலுக்கு வெறும் பெட்ஷீட் போதாது, அங்கே அவருடைய போர்வைக் கணக்கு உதவும். டைட்டானியம் டம்ளருக்குச் செலவழிக்கும் முன், வீட்டு எவர்சில்வர் டம்ளரைத் தராசில் வைத்துப் பாருங்கள். எனக்கு மிச்சமாகியிருக்கக்கூடியது 30 கிராம். இரண்டு மடக்குத் தண்ணீர்.

ஷீட்டில் ‘பேஸ் வெயிட்’ காலத்தை அழித்துவிட்டேன். இப்போது இருப்பது ஒரே எண், வீட்டு வாசலில் கிளம்பும்போது முதுகில் இருக்கும் மொத்த எடை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருநீர்மலைப் படிகளில் அந்த எடையோடுதான் ஏறிப் பழகுகிறேன். நாலு லிட்டர் தண்ணீரும் சேர்த்து. அதில் ஒரு லிட்டர் எனக்கானதில்லை.