குப்பைமேட்டில் வைத்த பெயர்

முன்பெல்லாம் பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிய வீட்டில் இன்னொன்று பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் போட்டு ஒரு புரட்டு புரட்டி எடுப்பார்கள். சில ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு தாயே தூக்கிக்கொள்வாள். ஆண்பிள்ளைக்கும் மூக்குக் குத்துவார்கள். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, மூக்காயி என்ற பெயர்களில் பல இப்படி வந்தவை. யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போகட்டுமாம்.

இவை ஏழை எளியவரின் பெயர்கள் என்று நினைப்பது தவறு. கும்பகோணத்தில் 1900இல் வேங்கட மகாலிங்கமாகப் பிறந்த குழந்தை, முன்பிறந்தவர்கள் இறந்ததால் 'பிச்சை' ஆனது. பின்னாளில் புதுக்கவிதையின் முன்னோடி ந. பிச்சமூர்த்தியாக வளர்ந்தது. வடமொழிப் பேரறிஞர் ஒருவரின் பெயரும் குப்புசுவாமி சாஸ்திரிதான்.

அந்தப் பெயர் எந்த உயிரையும் காக்கவில்லை என்பது உண்மைதான். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அது 28; தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் செய்த வேலை இது. பயம் குறையக் குறைய, பெயரின் தேவையும் போயிற்று. மிஞ்சியது பள்ளிக்கூடத்துக் கேலி; 'குப்பன் சுப்பன்' என்று எளியவர்களைத் தள்ளிப் பேசும் பேச்சு. அதைச் சுமந்தவர்கள் பிள்ளைகளுக்கு வேறு பெயர் தேடியதில் என்ன தப்பு?

ஆனாலும் அந்தப் பெயரில் வெறுப்பு துளியும் இல்லை. பிள்ளை நிலைக்க வேண்டும் என்று எமனிடம் சொன்ன பொய் அது.

'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்ற பெயர்களை இதோடு சேர்க்கவே கூடாது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண்குழந்தைக்குச் சூட்டியவை அவை. அதுவும் நம்பிக்கைதான் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். ஆனால் இங்கே ஏமாற்ற யாரும் இல்லை; பெற்றவர்களின் மனதில் இருப்பதைத்தான் பெயர் அப்படியே சொல்கிறது. வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் அழைக்கும்போதெல்லாம் அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே வளர வேண்டும்.

குப்புசாமித் தாத்தாக்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. 'வேண்டாம்' என்ற பெயரோடு படிக்கும் சிறுமிகளுக்கோ, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது ஏறுவதற்கு முன்பே, பெற்றோரும் ஆசிரியரும் முன்வந்து அரசிதழில் வேறு பெயர் பதிந்துகொடுக்க வேண்டும். புதிய பெயரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.