‘தாயகம் திரும்பியோர்’: ஒரு சொல்லாட்சியின் எல்லைகள் – தாமிரபரணிச் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இலங்கை மலையகத்திலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு ஆவணங்கள் குறித்தன. அச்சொல் அம்மக்களுக்கு வழங்கிய உரிமைகளையும் மறைத்த உண்மைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. புறப்பாட்டைப் பேசிய அளவிற்குத் தமிழ் இலக்கியம் திரும்புதலைப் பேசவில்லை என்பதும், அதற்குச் சொல்லாட்சியும் இலக்கிய வரலாற்றுப் பகுப்பும் காரணங்களாகின்றன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தாயகம் திரும்பியோர், மலையகத் தமிழர், தாமிரபரணி, ஆழ்வார்திருநகரி, மீள்குடியேற்றம், மறுவாழ்வு.

முன்னுரை

புலம்பெயர்வு குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் சென்றவர்களைப் பற்றியவை. சென்றவர் திரும்பினால் கதை முடிந்தது என்னும் எண்ணம் அவற்றின் அடியில் உள்ளது. திருநெல்வேலிச் சீமை இவ்வெண்ணத்தைச் சோதிப்பதற்கு உரிய களமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயால் அழிந்த பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இப்பகுதியினர் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்தனர். ஒரு நூற்றாண்டு கழித்து அவர்தம் வழிவந்தோரில் ஒரு பகுதியினர் அரசுகளின் கையொப்பத்தால் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு இடப்பட்ட பெயரே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

புறப்பாட்டின் கணக்கு

புறப்பாடு தொடக்கம் முதலே கணக்கிடப்பட்டது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக எழுதப்பட்டது. கூட்டத்தின் கடன்தொகையைக் குறித்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது. அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினால் மட்டுமே தொழிலாளர் விடுவிக்கப்பட்டனர். இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரவில்லை பயணச்சீட்டாயிற்று. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையில் இலங்கை செல்லும் கூலிகளுக்கான தொற்றுத்தடுப்பு முகாம் இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகுப் போக்குவரத்து தொடங்கிய பின் மண்டபம் முகாம் அப்பணியின் மையமாயிற்று.

மண்டபம் முகாமின் வரலாறு தனித்துக் கவனிக்கத்தக்கது. போகும் கூலியைச் சோதித்து அனுப்பிய அதே முகாம், 1964க்குப் பின் திரும்பி வந்தோரை ஏற்றது. 1983க்குப் பின் அகதிகளை ஏற்றது. கட்டடமும் கடற்கரையும் மாறவில்லை. உள்ளே நின்றவரின் பெயரே ‘கூலி’, ‘தாயகம் திரும்பியோர்’, ‘அகதி’ என மாறியது. பல குடும்பங்களின் வரலாற்றில் இம்மூன்று பெயர்களும் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு உரியவை.

சொல் பிறந்த சூழல்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதே ஆண்டில் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டது. கடல் கடந்து போய்வருதல் குற்றமாகத்தக்க ஒரு செயலானபோது ‘கள்ளத்தோணி’ என்னும் வசைச்சொல் தோட்டங்களில் பிறந்தவர்மீதும் ஏவப்பட்டது. இந்நிலையில் 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றோர் என மதிப்பிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதெனவும் வகுக்கப்பட்டது. 1974இல் அவ்வெச்சமும் இரு நாடுகளுக்கும் 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது.

இங்கு நிகழ்ந்தது பங்கீடு. எவ்வளவு பேர் என்பது முதலில் முடிவாயிற்று. எவர் என்பது பின்னரே கேட்கப்பட்டது. விண்ணப்பம் எழுதியவர் பலர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தாமிரபரணியையோ காவிரியையோ பாட்டன் சொல்லக் கேட்டவர்கள். அவர்களைப் பொறுத்தவரை இது முதற்பயணம். இம்முதற்பயணத்தைத் ‘திரும்புதல்’ என்று ஆவணம் குறித்ததன்வழி, இரு அரசுகளின் பேரம் ஒரு குடும்பத்தின் இல்லமீளலாகத் தோற்றம் பெற்றது.

சொல் அளித்தவை

ஆயினும் இச்சொல்லை வெறும் மறைப்பு எனத் தள்ளுவது பொருந்தாது. ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் தகுதி குடும்ப அட்டையாகவும் குடியுரிமையாகவும் கடனுதவியாகவும் உருப்பெற்றது. 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் அவர்களுக்கு வேலை தரும் நோக்கம் கொண்டது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. 1969இல் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கி உருவானது. இன்று அது ‘ரெப்கோ’ என வழங்கப்படுகிறது. பெயர் இல்லாதவருக்கு உதவி இல்லை என்பதே ஆட்சியின் இயல்பு. அவ்வகையில் இச்சொல் ஓர் உரிமைச்சீட்டாக இயங்கியது.

அதன் போதாமை வேறிடத்தில் உள்ளது. ‘தாயகம்’ என்பதற்கு அரசு கொண்ட பொருள் நாடு. மக்கள் கொண்ட பொருள் ஊர். தேயிலை பறிக்கத் தெரிந்தவர் தேயிலை விளையும் மலைக்கே அனுப்பப்பட்டனர். மலையிலிருந்து வந்தவர் மலைக்கே போயினர். முன்னோர் புறப்பட்ட சமவெளி இடையில் ஒரு பெயராகவே நின்றது. ஊருக்கே சென்றோர்க்கும் நிலம் காத்திருக்கவில்லை. நிலமின்மையும் சாதியும் கடனுமே முன்னோரை வெளியேற்றிய காரணங்கள். அவை ஊரில் அப்படியே இருந்தன. அங்கு அவர்கள் ‘சிலோன்காரர்’ ஆயினர். இலங்கையில் இந்தியராகவும் இந்தியாவில் சிலோன்காரராகவும் அழைக்கப்பட்ட ஒரு மக்களுக்குத் ‘தாயகம்’ என்னும் சொல் எதைக் குறிக்கும் என்னும் வினாவை ஆவணங்கள் எழுப்பவே இல்லை.

இலக்கியத்தில் திரும்புதல்

இவ்வினாவை எழுப்பியிருக்க வேண்டிய இடம் இலக்கியம். திருநெல்வேலிச் சீமை இத்துறையில் முன்னோடிப் படைப்பைத் தந்துள்ளது. 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, வாசவன்பட்டி என்னும் நெல்லைக் கிராமத்தையும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும் ஒரே கதையின் இரு முனைகளாக்கியது. தோட்டத்தின் கொடுமைக்கு ஊரின் பண்ணையமைப்பிலேயே வேர் உண்டு என்று காட்டியது அதன் தனிச்சிறப்பு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் ஒப்பந்தத்தின் காலத்தைக் காணவில்லை.

மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த புதினம், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது. அதுவும் நெல்லைக் கிராமத்துத் தம்பதியர் ஆனைமலைத் தோட்டத்திற்குச் செல்வதில் தொடங்குகிறது. அதனைத் தழுவிய ‘பரதேசி’ (2013) திரைப்படத்தின் முடிவில் நாயகனின் மனைவியும் குழந்தையும் அதே தோட்டத்திற்குக் கொண்டுவரப்படுகின்றனர். மீளமுடியாமையே அதன் இறுதிச்சொல்.

இவ்வரிசையில் ஒரு பொதுமை உண்டு. ஊர் தொடக்கமாகவும் தோட்டம் முடிவாகவும் அமைகின்றன. துயரத்தின் உச்சம் திரும்ப இயலாமை. ஆகவே திரும்ப இயன்றால் துயரம் தீரும் என்பது சொல்லப்படாத எடுகோளாகிறது. ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் ஆட்சிச்சொல்லின் எடுகோளும் இதுவே. முற்போக்கான புனைவும் அரசு ஆவணமும் இவ்வொரு புள்ளியில் உடன்படுகின்றன என்பது திறனாய்வு இதுவரை போதிய அளவு கருதாத செய்தி.

மலையக இலக்கியத்தில் ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தமை பெரும்பாடுபொருளாயிற்று. எனினும் அங்குக் கதை பெரும்பாலும் புகைவண்டி நிலையத்தோடும் படகுத்துறையோடும் நிற்கிறது. எழுதியவர் அக்கரையில் இருந்தவர். தமிழக இலக்கிய வரலாறு வந்தோரை ‘மலையகம்’ என்னும் இயலில் வைத்து இலங்கைக்கு உரியதாக்குகிறது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளில் உள்ள பாடல்கள் கடல்கடந்து போனவை. அவற்றைப் பாடியவருள் சிலர் மீண்டும் இக்கரைக்கு வந்தபோது அவை என்னவாயின என்பதைத் தமிழக நாட்டாரியல் முறையாகத் தொடரவில்லை. இரு இலக்கிய வரலாறுகளுக்கும் இடையில் விழுந்தவர்களாகத் திரும்பியோர் நிற்கின்றனர்.

ஆழ்வார்திருநகரி தரும் அளவுகோல்

திரும்புதலை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் இந்நிலத்தின் மரபிலேயே உண்டு. தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் புளியமரத்தடியை விட்டு அகலாது யோகத்தில் அமர்ந்த ஊர் என்றே பெரிதும் அறியப்படுகிறது. அவ்வூரின் மற்றொரு நினைவு இடப்பெயர்வைப் பற்றியது. பதினான்காம் நூற்றாண்டின் படையெடுப்புக் காலத்தில் ஆழ்வாரின் திருமேனி வெளியே எடுத்துச் செல்லப்பட்டு, பல இடங்களில் தங்கித் திருக்கணாம்பியில் இருந்தது என்றும், திருவாய்மொழிப்பிள்ளை அதனை மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்றும் குருபரம்பரை மரபு கூறும். காடு மண்டிக் கிடந்த ஊரைத் திருத்தி, குடிகளை அமர்த்தி, வழிபாட்டை நிலைநிறுத்தியதும் அவர் பணியாகவே அம்மரபில் போற்றப்படுகிறது.

இம்மரபுச் செய்தியில் வந்துசேர்தல் மட்டும் திரும்புதலாகக் கொள்ளப்படவில்லை. திரும்பியவரை ஏற்கத்தக்கதாக ஊரைத் திருத்துதலும் அதன் பகுதி. இறைத்திருமேனியின் மீட்சியையும் கூலித்தொழிலாளரின் வருகையையும் ஒப்பிடுவது தகுமா என்னும் ஐயம் எழலாம். நிகழ்வுகள் ஒப்பிடத்தக்கன அல்ல. திரும்புதல் பற்றிய கருத்தாக்கமே இங்கு ஒப்பிடப்படுகிறது. ஒப்பந்தம் ஆட்களை எண்ணியது. ஊரைத் திருத்துவது பற்றி அதில் பேச்சில்லை. கடனும் வேலையும் தனிக்குடும்பத்திற்கு உரியனவாயின. நிலவுரிமை, சாதியொழுங்கு, அண்டைக்குடிகளோடான உறவு ஆகியன தொடப்படாமல் விடப்பட்டன.

பெயர்மாற்றத்தின் தொடர்ச்சி

1984இல் போர்ச்சூழலால் இராமேசுவரம்–தலைமன்னார்ப் படகுப் போக்குவரத்து நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் பயணம் செய்ய இயலாதோர் அக்கரையில் தங்கினர். அவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. மாறாக, 1983க்குப் பின் உயிர்தப்பி இக்கரை வந்த மலையகத்தார் ‘அகதி’ என்னும் வகைக்குள் அடங்கினர். ஒரே பாட்டனின் பேரர்களுள் முன்னே வந்தவர் குடிமகன். பின்னே வந்தவர் முகாம்வாசி. இத்தகைய முகாம்வாசிகள் 65 பேர் குடியுரிமை கோரித் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் தீர்ப்பளித்தது.

2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர்மாற்றியது. பெயரின் வன்மையை அரசு உணர்ந்ததற்கு இது சான்று. வீடமைப்பு முதலிய உதவிகளும் அதனோடு அறிவிக்கப்பட்டன. எனினும் கோபாலசமுத்திரம், தாப்பாத்தி போன்ற நெல்லை, தூத்துக்குடி மாவட்ட முகாம்களில் வாழ்வோரின் சட்டநிலையைப் புதிய பெயர் மாற்றிவிடவில்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் சொல்லில் உரிமை இருந்தது, உண்மை குறைந்திருந்தது. ‘மறுவாழ்வு’ என்னும் சொல்லில் மதிப்பு இருக்கிறது, உரிமை இன்னும் சேரவில்லை.

முடிவுரை

திரும்புதல் ஒரு நிகழ்வன்று. தலைமுறைகளில் நடைபெறும் செயல்பாடு. அதனை ஒரு நாளில் முடிந்த செய்தியாக்கியது ஆட்சிச்சொல். தோட்டத்தைக் கதையின் இறுதியாகக் கொண்ட இலக்கியமும், எல்லைக்கோட்டின்படி பகுத்த இலக்கிய வரலாறும் அம்முடிவை வினவாமல் விட்டன. ஒப்பந்தக் காலத்தில் வளர்ந்த வயதினராய்க் கப்பலேறியோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்களின் வழக்காறுகளும் குடும்ப அட்டைகளும் கடிதங்களும் அவர்களோடு மறையும் முன் தொகுக்கப்படுதல் வேண்டும். அத்தொகுப்பில் முதலில் பதிவுசெய்யப்பட வேண்டியது, அம்மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்பதே. அப்பெயர் கிடைக்கும்வரை ‘தாயகம் திரும்பியோர்’ என்பதை மேற்கோள்குறி இன்றி எழுதுவது ஆய்வாளர்க்கு ஏற்புடையதன்று.