‘விசாரணை’ என்னும் சொல்

பழைய திருப்புதலில் வரும் ‘விசாரித்தல்’ என்னும் சொல்லை இனிப் பிரசங்கத்தில் வழங்கலாகாது என்று மாணவர் சிலர் கருதுகின்றனர். ‘விசாரணை’ என்றவுடன் காவல் நிலையமே மக்கள் கண்முன் நிற்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் மாண்டபின், அச்சொல்லில் அன்பு ஒலிக்குமோ என்று கேட்கின்றனர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் நாம் அதற்கு உடன்படவில்லை.

வடமொழியினின்று வந்த இச்சொல்லுக்கு ஆராய்தல் என்பதே அடிப்படைப் பொருள். நீதிமன்றம் வழக்கை ஆராய்வதற்கு அதனை எடுத்துக்கொண்டது. மெய்யியலார் ‘ஆன்ம விசாரம்’ என்றனர். சைவ மடங்களில் கோயிற் கட்டளைகளை மேற்பார்க்கும் துறவியார் ‘கட்டளை விசாரணைத் தம்பிரான்’ எனப்படுவார். கலியாண வீட்டிலோ, இலைகளுக்கிடையே நடந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறச் செய்பவர் பந்தி விசாரிக்கிறார். கேட்பதும் கவனிப்பதும் அங்கே ஒரே செயலாகிவிடுகின்றன.

இந்தப் பந்தி வழக்கைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் கையாண்டனர். விதவைகளுக்குரியது ‘அன்றாட விசாரணை’. பன்னிருவர் தமக்குத் தகாதென்றது ‘பந்திவிசாரணை’. தமிழ் உள்ளம் உடனே பற்றிக்கொள்ளும் சொற்கள் இவை. ஆனால் 4ஆம் வசனத்தில் வசனத்தைப் போதிப்பது மட்டும் ‘ஊழியம்’ ஆகிவிட்டது. கிரேக்க மூலத்தில் 1ஆம் வசனத்திலும் 4ஆம் வசனத்திலும் இருப்பது ‘டியாகொனியா’ என்னும் ஒரே சொல்; 2ஆம் வசனத்தில் அதன் வினை. லூக்கா சமமாக வைத்ததைத் தமிழ் மேல் கீழாகப் பிரித்துவிட்டது. பீடத்தில் நிற்பது ஊழியம், சோறு பங்கிடுவது நிருவாகம் என்று நம் சபைகளில் வேரூன்றிய எண்ணத்திற்கு இம்மொழிபெயர்ப்பு மட்டுமே காரணமன்று. ஆனால் அதற்கு இது துணைநிற்கிறது. பந்திக்கென்று தெரிந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான் அடுத்த அதிகாரத்திலேயே நீண்ட பிரசங்கம் செய்வதை மாணவர் நினைவுகூர வேண்டும். மொழிபெயர்ப்பைத் திருத்துவோர் கைவைக்க வேண்டிய இடம் இதுவே.

மத்தேயு 25:36ஐத் தொடவேண்டியதில்லை. அங்கே நோயாளியை ‘விசாரிக்க’ வருகிறார்கள். காவலிலிருப்பவனைப் ‘பார்க்க’ வருகிறார்கள். யாக்கோபு 1:27இல் திக்கற்றவரையும் விதவைகளையும் விசாரிப்பதற்கு மூலத்திலுள்ள வினையும் நோயாளிக்குச் சொல்லப்பட்ட அதே வினைதான். கண்காணியைக் குறிக்கும் ‘எப்பிஸ்கொப்பொஸ்’ அதற்கு உறவான சொல். பேராயர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். நம் திருமண்டலங்களில் ‘விசாரணைக் குழு’ அமைவது பெரும்பாலும் விதவைகளுக்காக அன்று.

‘கவனித்தல்’ என்று மாற்றிவிடலாமே என்பர். கவனிப்பவர் வாய் திறவாமலே கவனிக்கலாம். விசாரிப்பவர் கேட்டாக வேண்டும், பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். நம் நாட்டுச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர், 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ‘விசாரணைக் கைதிகள்’. அவர்களைக் காணச் செல்லும் குருவானவர் வாயிலில் ‘விசாரிக்க வந்திருக்கிறேன்’ என்றால், காவலர் அவரை ஓர் அதிகாரியென்று எண்ணி எழுந்து நிற்கக்கூடும். உள்ளே இருப்பவன் என்ன எண்ணுவான் என்பது, அவர் அவனிடம் முதலாவது கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.