பெருவிரல் வைத்த பக்கம்

மரியா வாசித்துக்கொண்டிருந்தாள். இத்தாலியின் சியனா நகரத்துப் பேராலயத்தில் புனித அன்சானோவின் பீடத்துக்காக 1333இல் சிமோனே மார்த்தினியும் அவருடைய மைத்துனர் லிப்போ மெம்மியும் வரைந்த மங்கள வார்த்தை ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தச் செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தங்கப் பின்னணிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இங்கேயே கொஞ்சம் நிற்கவேண்டும்போல் இருக்கிறது.

இடப்பக்கம் கபிரியேல். அந்தக் கணத்தில்தான் வந்து இறங்கியிருக்கிறான்; கட்டம்போட்ட மேலங்கி இன்னும் காற்றில் அலைகிறது. கையில் ஒலிவக் கிளை. லில்லி மலர்கள் நடுவில் ஒரு குடுவையில் இருக்கின்றன. (லில்லி பகை நகரமான ஃபுளோரன்ஸின் சின்னம். அதைத் தேவதூதனின் கையில் கொடுக்க சியனாவுக்கு மனமில்லை என்று சொல்வார்கள்.) அவன் வாயிலிருந்து லத்தீன் வாழ்த்து, புடைப்பெழுத்துகளாக, தங்கத்தின் மேல் தங்கமாகக் கிளம்பி நேராக அவள் காதை நோக்கிப் போகிறது. வலப்பக்கம் அவள். உடல் முழுவதும் அவனிடமிருந்து திருகி விலகுகிறது. ஒரு கை கழுத்தருகே மேலாடையை இழுத்துப் பிடிக்கிறது. வாயின் ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன. மற்றக் கையில் புத்தகம். மூடியிருக்கிறது, ஆனால் முழுக்க மூடவில்லை. விட்ட இடம் தவறிவிடாதபடி பெருவிரலை உள்ளே வைத்திருக்கிறாள்.

இந்த விலகலைக் கலை வரலாறு என்ன செய்தது? அதை அழகு என்றது. வளைகோட்டின் நளினம், கோத்திக் மென்மை, பிரெஞ்சு அரசவை நாகரிகத்தின் சாயல் என்றெல்லாம் சொன்னது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. அந்த நீலக் கோடு உண்மையிலேயே அழகுதான். ஆனால் அழைக்காமல் உள்ளே வந்த ஒருவனிடமிருந்து ஒரு பெண்ணுடல் சுருங்கிக்கொள்ளும்போது, அந்தச் சுருக்கத்தில் கோட்டை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு நெடுங்காலப் பயிற்சி வேண்டியிருக்கிறது. முதுகலை வகுப்பில் ஒருமுறை இந்த ஓவியத்தைத் திரையில் போட்டேன். அப்போதுதான் யாரோ "பயந்துபோயிருக்காங்க" என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "இல்ல மேம், பயம் இல்ல. அவங்களுக்குப் பிடிக்கல" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பயம், பிடிக்காமை என்ற இரண்டு சொற்களுக்கும் இடையிலான தூரத்தை அதற்குப் பிறகு நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பயந்தவளைத் தேற்றிவிடலாம். தூதனும் அதைத்தான் செய்கிறான், அஞ்சாதே என்கிறான். பிடிக்காதவளிடம் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

லூக்கா நற்செய்தியில் புத்தகம் கிடையாது. அவள் கலங்கினாள், யோசித்தாள், இது எப்படி ஆகும் என்று கேட்டாள், அவ்வளவுதான். யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய தள்ளுபடி நற்செய்தியில் மரியா கோவில் திரைக்காக நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். கீழைத் திருச்சபையின் ஓவியங்களில் அவள் கையில் இருப்பது நூல்தான். மேற்கில் நூற்பு போய்ப் புத்தகம் வந்தது. முன்னேற்றம் என்று நாம் உடனே மகிழ்ந்துவிட முடியாது. அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் திருச்சபை அறிஞர்களிடம் பதில் தயாராக இருந்தது: ஏசாயாவின் தீர்க்கதரிசனம், கன்னி ஒருத்தி கருவுறுவாள் என்ற பகுதி. சிமோனேவுக்கு முந்திய தலைமுறையின் பெரும் ஓவியரான துச்சோவின் 'மாயெஸ்தா' பீட ஓவியத்தின் அடிப்பலகையிலும் ஒரு மங்கள வார்த்தைக் காட்சி உண்டு. இப்போது லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் மரியாவின் கையில் விரிந்த புத்தகம், பக்கத்தில் அந்த ஏசாயா வசனம். ஆகவே கையில் புத்தகம் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்துக்குள் அவளையே எழுதிவைத்தும் கொடுத்தார்கள். அவள் படிக்கப் படிக்க, அவள் உடலுக்கு நேரப்போவது ஏற்கெனவே அச்சுப்போல அங்கே இருக்கிறது. பெண் வாசிக்கலாம், தனக்கான விதியை மட்டும்.

சிமோனேவின் மரியாவிடம் நான் திரும்பத் திரும்பப் போவதற்கு இதுதான் காரணம். அவள் பக்கத்தை நமக்குக் காட்டுவதில்லை. ஏசாயாவாக இருக்கலாம், சங்கீதமாக இருக்கலாம். தெரிந்ததெல்லாம் அவள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிவர எண்ணியிருக்கிறாள் என்பதுதான்.

துச்சோவின் 'மாயெஸ்தா' பற்றி இன்னொன்று. இரண்டு பக்கமும் தீட்டிய அந்தப் பெரும் பலகையை 1311 ஜூன் 9ஆம் நாள் அவருடைய பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊர்வலமாகத் தூக்கிப்போனார்கள். கடைகள் அடைக்கப்பட்டன, மணிகள் ஒலித்தன. ஆயரும் குருமாரும் வந்தார்கள், நகரை ஆண்ட ஒன்பதின்மர் வந்தார்கள், பொதுமக்கள் விளக்கேந்தி வந்தார்கள். இதையெல்லாம் எழுதிவைத்த நகரக் குறிப்பு, பெண்களும் குழந்தைகளும் எங்கே வந்தார்கள் என்பதையும் எழுதியிருக்கிறது. கடைசியில். நகரத்தின் அரசி ஒரு பெண். அவளை வீடு சேர்க்கும் ஊர்வலத்தின் வால்பகுதியில் அந்த நகரத்தின் பெண்கள்.

11 ஆண்டுகள் கழித்து, 1344 டிசம்பரில், அம்ப்ரோஜியோ லொரென்செத்தி சியனாவின் வரி அலுவலகத்துக்காக இதே காட்சியை வரைந்தார். பீட ஓவியம் அல்ல இது. அதிகாரிகளின் பெயர்களை எழுதிய அலுவலகப் பலகை. ஆனாலும் பலகையும் தங்கமும் முட்டைக்கரு வண்ணமும் அதே உலகத்தைச் சேர்ந்தவை. தரையின் கட்டங்கள் தூரத்துப் புள்ளியை நோக்கிக் குவிகின்றன என்பதற்காகப் பாடநூல்கள் இதைக் கொண்டாடுகின்றன. எனக்கு மரியாதான் முக்கியம். அவள் இங்கே விலகுவதில்லை. கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டி, மேலே பார்த்து, பதில் சொல்கிறாள். பதிலும் எழுதப்பட்டிருக்கிறது. தன்னை அவள் ஆண்டவரின் 'அங்கில்லா' என்கிறாள். பணிப்பெண் என்று அதை மென்மையாக்கலாம். ஆனால் லத்தீனில் அதற்கு அடிமைப்பெண் என்றே பொருள். நம் தமிழ் விவிலியமும் தயங்காமல் அடிமை என்றுதான் போடுகிறது. நமக்கு 'அடிமை' பக்தி மரபு கொஞ்சி வளர்த்த சொல்லும்கூட. அடியார், அடிமை செய்தல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது உறுத்தாமல் போய்விடுகிறது. அந்த இத்தாலிய நகரங்களிலோ அந்தச் சொல்லுக்கு உடம்பு இருந்தது. 1348இன் கொள்ளைநோய் வீட்டு வேலைக்கு ஆளில்லாமல் செய்தபோது, ஃபுளோரன்ஸ் 1363இல் வெளிநாட்டு அடிமைகளை இறக்குமதி செய்துகொள்ளச் சட்டபூர்வமாக அனுமதித்தது. கிறிஸ்தவரல்லாதவராக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. கொண்டுவரப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், பலர் சிறுமிகள். பீடத்தின் முன் முழங்காலிட்ட எஜமானியும் அவளுக்குப் பின்னால் நின்ற தார்த்தாரியச் சிறுமியும் 'அங்கில்லா' என்ற சொல்லை ஒரேமாதிரி கேட்டிருக்க முடியாது.

ஒப்புதல் என்பது இந்தக் காட்சியின் உயிர்நாடி என்று இறையியல் சொல்லும். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் பெர்னார்ட் தன் மறையுரையில், அவளுடைய ஒரு வார்த்தைக்காக ஆதாம் முதல் உலகமே காத்திருப்பதாகச் சொல்லி அவளை விரைந்து பதில் சொல்லுமாறு கெஞ்சுகிறார். உலகமே அவள் வாயைப் பார்க்கிறது என்பதில் பெண்ணுக்கு ஒரு பெருமை இருப்பதாகத் தோன்றும். எனக்கு அந்தப் பகுதி வேறொன்றை நினைவூட்டுகிறது. பெண்பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, சமையலறையில் அத்தையும் பெரியம்மாவும் சூழ்ந்துகொண்டு 'சரின்னு சொல்லிடும்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க' என்பது. மறுக்க உரிமை இருக்கிறது, மறுக்க நேரம்தான் இல்லை.

இதே அம்ப்ரோஜியோ இதற்குச் சில ஆண்டுகள் முன்பு சான் கல்கானோ மடத்துக்கு அருகே மொந்தேசியேபி சிற்றாலயத்தில் பீடத்துக்கு மேலுள்ள சுவரில் மங்கள வார்த்தையைத் தீட்டியிருந்தார். அங்கே கண்ணுக்குத் தெரிந்தவள் பணிவோடு ஏற்றுக்கொள்ளும் மரியா. 20ஆம் நூற்றாண்டில் பாதுகாப்புக்காக அந்தச் சுவரோவியத்தைப் பெயர்த்தெடுத்தபோது அடியில் செங்காவியால் போட்ட முதல் வரைவு வெளிப்பட்டது. அதில் மரியா தரையில் விழுந்துகிடக்கிறாள். ஒரு தூணை இரு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூதன் பக்கம் திருப்பியிருக்கிறாள். தப்பிக்க வழியில்லாத இடத்தில் கையில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்கிற உடல் அது. அதை மாற்றி அடக்கமான மரியாவைத் தீட்டியாயிற்று. யார் மாற்றச் சொன்னார்கள் என்பதைவிட, ஓர் ஆண் ஓவியருக்கு முதலில் கைக்கு வந்தது தூணைப் பற்றியவள்தான் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் லூக்காவைச் சரியாகவே வாசித்திருந்தார். அந்த வாசிப்பு பீடத்துக்கு மேல் நிற்கத் தகுந்ததாக இல்லை.

இந்தப் பட்டறைகளின் வேலைமுறையை நாம் அறிவது பெரும்பாலும் 1400ஐ ஒட்டி சென்னீனோ சென்னீனி எழுதிய கைவினை நூலால். பாப்லர் மரப்பலகையில் சுண்ணப்பூச்சு பூசுவது, செம்மண் பூச்சின்மேல் தங்கரேக்கு ஒட்டுவது, சதை நிறத்துக்கு அடியில் பச்சை மண் இடுவது எல்லாம் அதில் உண்டு. இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழிமுட்டையின் வெளிறிய கரு நல்லது என்கிறார். நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு கிழவர்களுக்கும் கருத்தவர்களுக்குமாம். ஆணுடலின் அளவுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, பெண்ணை விட்டுவிடுகிறேன், அவளுக்கு முழுமையான அளவு எதுவும் இல்லை என்று நகர்ந்துவிடுகிறார். ஆயிரக்கணக்கான மரியாக்களைத் தீட்டிய தொழிலின் கையேடு இது. இன்னோர் இடத்தில் ஆப்கானிய நீலக்கல்லிலிருந்து மரியாவின் மேலாடைக்கான நீலத்தைப் பிழிந்தெடுக்கும் வழியைச் சொல்கிறார். அந்த வேலை ஆண்களைவிட அழகிய இளம்பெண்களுக்கே நன்றாக வருமாம். அவர்கள் எப்போதும் வீட்டிலேயே இருக்கிறார்கள், கைகளும் மென்மையானவை. கிழவிகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்கவேண்டுமாம்! சிரிப்பு வந்தாலும், இந்த வரியால்தான் அந்தப் பெண்கள் வரலாற்றுக்குள் கால்வைக்கிறார்கள். அளவில்லாதவள் என்று தள்ளப்பட்டவளின் கை பிசைந்து எடுத்த நீலத்துக்குத்தான் தங்கத்துக்கு ஒப்பான விலை.

பெண்கள் பெண்களாகவே நடமாடும் பீட ஓவியங்களும் உண்டு. அம்ப்ரோஜியோவின் அண்ணன் பியெத்ரோ அதே சியனாப் பேராலயத்துக்கு 1342இல் முடித்துக்கொடுத்த 'மரியாவின் பிறப்பு' அவற்றில் ஒன்று. பிரசவ அறையில் அன்னாள் கட்டில்மேல் சாய்ந்திருக்க, பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், பார்க்க வந்த பெண்கள் நிற்கிறார்கள். கணவர் யோவாக்கிம் அடுத்த அறையில், சிறுவன் ஒருவன் சேதி சொல்லக் காத்திருக்கிறார். பேறுகால அறைக்குள் ஆணுக்கு இடமில்லை.

ஆனால் பியெத்ரோவின் இன்னொரு பலகையைத்தான் நான் மாணவிகளுக்குத் தவறாமல் காட்டுவேன். நடுவில் நிற்பவள் ஃபயென்சா ஊரின் உமில்தா. 1310இல் இறந்துபோனவள், இந்தப் பலகை தீட்டப்பட்ட காலத்தில் அவளை நேரில் கண்டவர்கள் சிலராவது உயிரோடிருந்திருக்க வேண்டும். மணமாகி, பெற்ற பிள்ளைகளைச் சாகக்கொடுத்தவள். அதற்குப்பின் துறவு கேட்டாள். கணவன் சம்மதிக்காமல் அது நடக்காது. பலகையின் ஓரக் காட்சிகளில் ஒன்று, அவள் கணவனிடம் பிரிந்துபோக வாதாடுவதைக் காட்டுகிறது. இன்னொன்றில் புதுமடம் கட்டக் கழுதையோடு கல் சேகரித்து வருகிறாள். பீட ஓவியம் ஒன்றில் ஒரு பெண்ணின் 'மாட்டேன்' காட்சியாகியிருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகக் கண்டதில்லை.

நடுவில் நிற்கும் அவள் கையிலும் புத்தகம். அவளுடைய காலடியில் விரலளவே உள்ள ஒரு துறவி மண்டியிட்டிருக்கிறாள். உமில்தாவுக்கு எழுத்தறிவு இல்லை என்கிறது அவள் வரலாறு. சாப்பாட்டறையில் உணவுநேர வாசிப்புக்கு அவளை மேடையேற்றினார்கள், வேடிக்கைக்காகத்தான். அவள் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினாள். புத்தகத்தில் இல்லாததை வாசித்தாள். பியெத்ரோ அந்தக் காட்சியைத் தீட்டியிருக்கிறார். மேடையில் அவள், கீழே வரிசையாக உண்ணும் பெண்கள். அற்புதம் என்று பெயரிட்டால்தான் அன்று அதைப் பலகையில் ஏற்ற முடிந்திருக்கும். பிறகு அவள் லத்தீனில் மறையுரைகள் சொன்னாள், அவை இன்றும் கிடைக்கின்றன. அதற்கும் ஒரு சிறு காட்சி உண்டு. உமில்தா சொல்லச் சொல்ல, பக்கத்தில் இன்னொருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.